தீவிரவாதத்திலிருந்து மனம் திரும்புவது எப்படி?

1980 ஆகஸ்ட்டில், அன்றைய வட ஆர்க்காடு மாவட்டத்தின் திருப்பத்தூரில் நக்சல் குண்டுவெடித்துக் காவல் ஆய்வாளர் ஒருவரும் காவலர்களும் உயிரிழந்தார்கள். அதையடுத்து நடந்த தேடுதல் வேட்டையில் இளைஞர்கள் பலர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். தீவிரவாத அமைப்புக்குள் போனவனை உயிரோடு வெளியே கொண்டுவர என்ன வழி என்று அன்று கேட்டவர்கள் குறைவு.

இன்று உளவியலில் அதற்கு ஓரளவு பதில் இருக்கிறது. நாம் முதலில் செய்வது வாதம். அதுதான் பெரும்பாலும் எடுபடாதது. ‘நீ நம்புவது தப்பு’ என்று அழுத்திச் சொன்னதும், தன் சுதந்திரத்தில் யாரோ கைவைப்பதாக மனம் எடுத்துக்கொள்கிறது. பிடி இன்னும் இறுகுகிறது. உளவியலாளர் ஜாக் பிரேம் இந்த எதிர்ப்புணர்வை 1966இல் விளக்கினார்.

உளவியலாளர் ஆரி க்ருக்லான்ஸ்கியின் ஆய்வுகள் இன்னும் ஆழமாகப் போகின்றன. அவமானப்பட்டவன், அநியாயத்தைக் கண்ணால் பார்த்தவன், ‘நானும் ஒரு ஆள்தான்’ என்று காட்டத் துடிக்கிறான். அமைப்பு அவனுக்குப் பெயரும் தோழர்களும் ஒரு லட்சியமும் தருகிறது. பலருக்குக் கொள்கை இவற்றோடு சேர்ந்துதான் வருகிறது. கொள்கையை மட்டும் பிடுங்கினால் அவன் கையில் என்ன மிஞ்சும்?

2009க்குப் பிறகு இலங்கையில் பதினோராயிரத்துக்கும் மேற்பட்ட முன்னாள் புலிகள் மறுவாழ்வு மையங்களில் வைக்கப்பட்டார்கள். அந்தத் தடுப்புக்காவல் பற்றி மனித உரிமை அமைப்புகள் எழுப்பிய கேள்விகள் நியாயமானவை. அவற்றை ஒதுக்கிவிட முடியாது. ஆனாலும் க்ருக்லான்ஸ்கியின் குழு அங்கே கண்டது முக்கியம். தொழிற்பயிற்சி, கல்வி, கலை என்று முழுத் திட்டத்திலும் பங்கேற்றவர்களிடம், பெயரளவில் மட்டும் பயிற்சி பெற்றவர்களைவிடத் தீவிரப்போக்கு அதிகம் குறைந்திருந்தது. தங்களுக்கு மதிப்பு இருப்பதாக அவர்கள் உணர்ந்ததே அதற்குக் காரணமாகத் தெரிந்தது.

சந்தேகம் எங்கே முளைக்கிறது? பெரும்பாலும் புத்தகத்தில் இல்லை. தலைவரின் பொய், கூட இருந்தவனின் துரோகம், களைப்பு, கல்யாண ஆசை. அந்த நேரத்தில் பேச வெளியே ஒரு ஆள் இருக்க வேண்டும். 1998இல் ஸ்வீடனில் தொடங்கிய ‘எக்ஸிட்’ அமைப்பு, ஹிட்லர் வழி இனவெறி பேசும் நவநாஜிக் கும்பலிலிருந்து விலகியவர்களையே அந்த ஆளாக நிறுத்தியது. ஆம்பூரிலோ குடியாத்தத்திலோ மகன் போக்கு மாறுவதைப் பார்க்கும் அம்மாவுக்கு நான் சொல்வதும் இதுதான்: சண்டை போட்டு உறவை அறுத்துவிடாதீர்கள்.

வன்முறையை விடுவதும் நம்பிக்கையை விடுவதும் ஒன்றல்ல. முதலாவது முன்னால் வரலாம், இரண்டாவதற்கு ஆண்டுக்கணக்கில் ஆகலாம். சிறையிலிருந்து விடுதலையான பின் வேலையோ வீடோ கிடைக்காவிட்டால், கதவு திறந்து வைத்திருப்பது பழைய கூட்டம் மட்டுமே. தென்மாநிலச் சிறை அதிகாரிகளுக்கு வேலூர் சிறைத்துறைப் பயிற்சி நிலையத்தில் பயிற்சி நடக்கிறது. கைதி வெளியே போனபின் வரும் முதல் சில மாதங்களுக்கான ஏற்பாட்டை, அவன் உள்ளே இருக்கும்போதே தொடங்கும் பாடம் அங்கே அழுத்தமாக இடம்பெற வேண்டும்.