புரோநோட்டைத் தூக்கிக்கொண்டு அப்பீலுக்கு வராதீர்கள்

கொலை வழக்கில் ஆயுள் தண்டனை ஆன குடும்பம் மேல்முறையீட்டுக்கு வரும்போது கையில் தீர்ப்பு நகல் இருப்பதில்லை. மஞ்சள் பை இருக்கிறது. அதற்குள் ரெவின்யூ ஸ்டாம்பு ஒட்டிய புரோநோட்டு, வட்டி வரவு எழுதிய நோட்டு, ஊர்ப் பெரியவர்கள் கையெழுத்துப் போட்ட பஞ்சாயத்துக் கடுதாசி. "இதையெல்லாம் கீழ்க்கோர்ட்டில் காட்டவே இல்லைங்க சார். செத்தவன்தான் எங்களுக்கு ரெண்டு லட்சம் தரணும். நியாயம் எங்க பக்கம் இருக்கு." இந்த மாதமும் ஒரு பை வந்துவிட்டது. சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டதால் எழுதி வைக்கிறேன்.

யார் யாருக்கு எவ்வளவு தர வேண்டும் என்று அமர்வு நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லவில்லை. உயர் நீதிமன்றமும் சொல்லப் போவதில்லை. அது உரிமையியல் நீதிமன்றத்தின் வேலை. குற்ற வழக்கில் கடனுக்கு ஒரே ஒரு இடம்தான் உண்டு: மோட்டிவ், அதாவது செய்யத் தூண்டிய காரணம். அதை நிரூபிக்கும் பாடு அரசுத் தரப்புக்கு. பெரும்பாலான கிராமத்து வழக்குகளில் அதை அவர்கள் அரைகுறையாகத்தான் செய்திருப்பார்கள். இறந்தவரின் மனைவி அ.சா.1 ஆக, அதாவது அரசுத் தரப்பின் முதல் சாட்சியாகக் கூண்டில் ஏறி, "கொடுத்த பணத்தைக் கேட்டு ரெண்டு மாசமா தகராறு" என்று ஒரு வரி சொல்லியிருப்பார். கடன் பத்திரத்தைக் காவல்துறை கைப்பற்றியிருக்காது, அக்கம்பக்கத்தில் யாரையும் அதுபற்றி விசாரித்திருக்காது. மோட்டிவ் பலவீனம் என்று வாதிட அங்கே ஒரு சந்து இருக்கிறது. அந்த நேரத்தில் நீங்கள் மஞ்சள் பையைத் திறந்து, "கடன் உண்மைதான், அவன்தான் ஏமாற்றினான்" என்று பத்திரத்தை நீட்டினால் என்ன ஆகும்? அரசு வழக்கறிஞர் விட்ட ஓட்டையை உங்கள் கையாலேயே அடைத்துக் கொடுக்கிறீர்கள். அவன் ஏமாற்றினான் என்பது கோபத்துக்குக் காரணம். கோபத்துக்குக் காரணம் என்றால் கொலைக்குக் காரணம். நீங்கள் நியாயம் என்று நினைப்பதை நீதிமன்றம் மோட்டிவ் என்று வாசிக்கும்.

இதன் மறுபக்கத்தையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் கொஞ்சம் சட்டம் தெரிந்தவர்கள் அங்கே வழுக்குகிறார்கள். "கடனே நிரூபணம் ஆகலை, அப்புறம் எப்படி சார் கொலை நிரூபணம் ஆச்சு?" வெட்டியதைக் கண்ணால் பார்த்த சாட்சி நம்பத்தக்கவராக இருந்தால், மோட்டிவ் நிரூபணமாகாவிட்டாலும் தண்டனை நிற்கும். பார்த்த சாட்சி இல்லாமல், கடைசியாகச் சேர்ந்து போனது, ரத்தக்கறைச் சட்டை, அரிவாள் மீட்பு என்று சூழ்நிலைச் சான்றுகளைச் சங்கிலியாகக் கோத்த வழக்கில்தான் மோட்டிவ் ஒரு கண்ணியாகிறது. அங்கேகூட அந்த ஒரு கண்ணி இல்லாததால் மட்டும் சங்கிலி அறுந்துவிடாது. பலம் குறையும், அவ்வளவே.

குறுக்கு விசாரணையில் இந்தக் குழப்பம் செய்யும் சேதம் கொஞ்சநஞ்சமல்ல. குடும்பம் நெருக்கும், கீழ்க்கோர்ட்டு வக்கீலும் கேட்டுவிடுவார். அ.சா.1-இடம், "எதிரியிடம் உங்கள் கணவர் கடன் வாங்கவே இல்லை என்றால் சரியா?" என்று ஒரு சஜஷன், அதாவது சாட்சி முன் வைக்கும் எதிர்த்தரப்பின் கூற்று. (எதிரி என்றால் கோர்ட்டு மொழியில் குற்றம் சாட்டப்பட்டவர்.) அ.சா.2-இடம், "வாங்கிய கடனைத் திருப்பிக் கொடுக்காமல் இருக்கவே பொய் வழக்கு என்றால் சரியா?" என்று இன்னொன்று. இரண்டும் சாட்சியத் தாளில் தட்டச்சாகிவிடும். முன்விரோதம் இருபக்கமும் கூரான கத்தி என்று நாங்கள் வாதிடுவது உண்மைதான். கொல்லவும் காரணமாகும், பொய்யாகச் சேர்க்கவும் காரணமாகும். ஆனால் எந்தப் பக்கத்தைப் பிடிப்பது என்று விசாரணைக் கட்டத்திலேயே முடிவு செய்திருக்க வேண்டும். இரண்டு பக்கத்தையும் பிடித்தால் கைதான் அறுபடும்.

அடுத்த குறை: "ஒரே சாட்சி, அதுவும் பொண்டாட்டி." சாட்சிகளின் எண்ணிக்கைக்குச் சட்டத்தில் கணக்கே இல்லை. பழைய சாட்சியச் சட்டத்தின் 134-ஆம் பிரிவு, இப்போது பாரதிய சாட்சிய அதினியத்தில் 139. சென்னை மாகாணத்திலிருந்து போன வடிவேலு தேவர் வழக்கில் 1957-லேயே உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கிவிட்டது: முழுமையாக நம்பத்தக்க சாட்சி, முழுமையாக நம்பத்தகாத சாட்சி, இரண்டும் கலந்த சாட்சி என மூன்று வகை, மூன்றாவது வகைக்குத்தான் வேறு ஆதாரத்தின் துணை தேவை. வீட்டு வாசலில் இரவு எட்டு மணிக்கு வெட்டு நடந்தால் மனைவி பார்க்காமல் தாசில்தாரா பார்ப்பார்?

அப்பீலில் இரு நீதிபதிகள் அமர்வு என்னதான் படிக்கிறது? டைப்டு செட். சாட்சியங்கள், சான்றாவணங்கள் எல்லாம் தட்டச்சான கட்டு. அதற்கு வெளியே உலகமே கிடையாது. அனுபவப்பட்ட வக்கீல் அதில் முதலில் தேடுவது முதல் தகவல் அறிக்கையின் ஓரத்தில் மாஜிஸ்திரேட் பேனாவால் குறித்த தேதியையும் நேரத்தையும்தான். சம்பவம் இரவு 8 மணி, புகார் 9.30, மாஜிஸ்திரேட் கைக்கு மறுநாள் பிற்பகல் 3 மணி. காவல் நிலையத்துக்கும் அவர் வீட்டுக்கும் ஆறு கிலோமீட்டர். இடையில் அந்த அறிக்கை எங்கே இருந்தது? எடுத்துக்கொண்டு போன காவலர் சாட்சிக் கூண்டில் என்ன விளக்கம் சொன்னார்? தாமதம் ஆனதாலேயே வழக்கு விழாது. விளக்கம் இல்லாத தாமதத்தில்தான், உட்கார்ந்து பேசிப் பெயர்களைச் சேர்த்தார்கள் என்ற சந்தேகம் பிறக்கும். 1972-ல் ஒரு தமிழ்நாட்டு வழக்கில் காவல் நிலையம் இரண்டு மைலில் இருந்தும் புகார் இருபது மணி நேரத்துக்கு மேல் கழித்துப் போனது. உச்ச நீதிமன்றம் தண்டனையை ரத்து செய்தது.

இரண்டாவதாக, விபத்துப் பதிவேடு. வெட்டுப்பட்டவரைத் தூக்கிக்கொண்டு போனதும் அரசு மருத்துவமனை டூட்டி டாக்டர் அவசரமாக எழுதும் இரண்டு வரி: "தெரிந்த நபர் ஒருவர் அரிவாளால் தாக்கியதாகக் கூறப்படுகிறது." வழக்கில் எதிரிகள் ஐந்து பேர் என்றால், அந்த "ஒருவர்" என்ற சொல் நான்கு பேரின் வாழ்க்கை. சொன்னது யார், காயம்பட்டவரா, கூட வந்தவரா என்பதையும் டாக்டரிடம் குறுக்கு விசாரணையில் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை என்றால் அப்பீலில் கேட்க முடியாது. டாக்டர் அங்கே வரமாட்டார்.

பிறகு சம்பவ இடத்தைப் பார்த்துப் போலீஸ் எழுதும் பார்வை மகஜரும் மாதிரி வரைபடமும். தெருவிளக்கு வரைபடத்தில் இருக்கிறதா, சாட்சி நின்ற இடத்திலிருந்து எத்தனை அடி, அன்று இரவு மின்சாரம் இருந்ததா, மின்வாரிய ஊழியரை விசாரித்தார்களா. சாட்சிகளின் போலீஸ் வாக்குமூலங்கள் எந்தத் தேதியில் நீதிமன்றத்துக்கு வந்தன. அடுத்த நாளா, குற்றப்பத்திரிகையோடு மூன்று மாதம் கழித்தா. அரிவாள் மீட்பைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டாம். நம் பக்கத்தில் எல்லா அரிவாளும் சீமைக்கருவேல முள்ளுக்குள்ளேதான் கிடைக்கும், மகஜர் சாட்சி கிராம நிர்வாக அலுவலராகத்தான் இருப்பார். போலீசிடம் கொடுத்த ஒப்புதல் செல்லாது; பொருள் கிடைத்த இடத்தைக் காட்டிய அந்தப் பகுதி மட்டும் செல்லும். மீட்பை மட்டும் நம்பி நிற்கும் வழக்கு பொதுவாக நிற்பதில்லை.

"கொல்லணும்னு போகலைங்க, பணம் கேட்கத்தான் போனான்." இந்த வாக்கியத்தைச் சொல்லாத குடும்பம் இல்லை. கொல்லும் எண்ணம் இருந்தால்தான் கொலை என்று நினைக்கிறார்கள். 1958-ல் விர்சா சிங் வழக்கில் வயிற்றில் ஒரே ஒரு ஈட்டிக் குத்து. அந்தக் காயத்தை ஏற்படுத்தும் எண்ணம் இருந்து, அந்தக் காயம் இயல்பான போக்கில் மரணம் விளைவிக்கப் போதுமானதாக இருந்தால் அது கொலைதான் என்றது உச்ச நீதிமன்றம். கொலைக்கான 302-ஆம் பிரிவுத் தண்டனை நின்றது.

அப்பீலில் உண்மையாகவே பலன் தரும் வாதம் வேறு: முன்திட்டமின்றி, திடீர்ச் சண்டையில், ஆத்திரத்தின் உச்சத்தில் நடந்தது, எதிரி அநியாயமாகச் சாதகம் எடுத்துக்கொள்ளவில்லை, கொடூரமாக நடக்கவில்லை என்ற விதிவிலக்கு. அது ஏற்கப்பட்டால் குற்றம் கொலை ஆகாத மரணமாகக் குறையும். 1.7.2024-க்கு முன் நடந்த சம்பவமானால் இ.த.ச. (இந்தியத் தண்டனைச் சட்டம்) 302-லிருந்து 304-க்கு, அதற்குப் பின் நடந்ததானால் பி.என்.எஸ். (பாரதிய நியாய சன்ஹிதா) 103-லிருந்து 105-க்கு. ஆயுளுக்குப் பதில் பத்து ஆண்டுகளோ அதற்குக் குறைவோ ஆக வாய்ப்புண்டு. ஆனால் ஆயுதம் எங்கிருந்து வந்தது என்பதில்தான் இந்த வாதம் உயிர் பிழைக்கும் அல்லது சாகும். வாய்த்தகராறில் அங்கே கிடந்த விறகுக் கட்டையை எடுத்து ஒரு அடி என்றால் பேச இடம் இருக்கிறது. "இரு வர்றேன்" என்று வீட்டுக்குப் போய் அரிவாளோடு திரும்பி வந்து, கழுத்தில் மூன்று வெட்டு என்றால், அந்த வீட்டுக்குப் போய் வந்த பத்து நிமிடம் விதிவிலக்கை விழுங்கிவிடும்.

இனி அலுவல். அமர்வு நீதிமன்றம் ஆயுள் தண்டனை கொடுத்தால் உயர் நீதிமன்றத்தில் மேல்முறையீட்டுக்கு 60 நாள். மரண தண்டனைக்கு 30 நாள். தீர்ப்பு நகலைத் தண்டனை பெற்றவருக்கு இலவசமாக உடனே கொடுக்க வேண்டும், கேட்டு வாங்குங்கள். கெடு தாண்டினால் தாமத மன்னிப்பு மனு போடலாம். அதற்காக நிலத்தை விற்றுப் பெரிய வக்கீலைத் தேடி ஒரு வருடம் அலையாதீர்கள். சிறையில் இருப்பவருக்கு வருமான வரம்பு இல்லாமலே இலவச சட்ட உதவி உண்டு. சிறை அதிகாரி மூலமாகவே மேல்முறையீட்டு மனுவை அனுப்பலாம். அப்பீலோடு தண்டனை நிறுத்தி வைப்பு மனுவும் போடுவோம். விசாரணைக் கட்டத்தில் ஜாமீன் கிடைத்ததே என்று எண்ணாதீர்கள். அப்போது அவர் குற்றம் சாட்டப்பட்டவர், இப்போது குற்றவாளி எனத் தீர்ப்பானவர். அரசுத் தரப்புக்கு எழுத்து மூலம் ஆட்சேபம் சொல்ல வாய்ப்புக் கொடுத்த பிறகே முடிவாகும். "ஆயுள்னா பதினாலு வருஷம்தானே" என்பதும் தவறு. ஆயுள் என்றால் ஆயுள். பதினான்கு ஆண்டு என்பது பெரும்பாலான கொலைத் தண்டனையில் அரசு முன்விடுதலையைப் பரிசீலிப்பதற்கு முன் கழிந்திருக்க வேண்டிய குறைந்தபட்ச காலம்.

பஞ்சாயத்தில் பேசிக் கடனைத் தீர்த்துவிட்டோம், அவர்கள் சம்மதித்துவிட்டார்கள் என்ற கடுதாசியைப் பையிலேயே வையுங்கள். கொலை சமரசத்துக்குரிய குற்றமல்ல. கீழ்க்கோர்ட்டில் சொன்னது பொய் என்று அ.சா.2-இடம் இப்போது உறுதிமொழிப் பத்திரம் வாங்குவதும் வேண்டாம். நிற்காது என்பதோடு, வாங்கியவருக்கும் கொடுத்தவருக்கும் புது வழக்கு வரும்.

உயிரைப் பறிகொடுத்த குடும்பத்துக்கும் ஒரு வார்த்தை. விடுதலைத் தீர்ப்பானாலும், குறைந்த குற்றத்துக்கு மட்டும் தண்டனையானாலும், இழப்பீடு போதாவிட்டாலும், சட்டப்படியான வாரிசுகள் தாங்களே மேல்முறையீடு செய்யலாம், 31.12.2009 முதல் இந்த உரிமை இருக்கிறது. தயவுசெய்து ஒன்று செய்யுங்கள்: முதல் புகாரில் பார்த்ததை மட்டும் சொல்லுங்கள். வெட்டியவன் ஒருவன் என்றால் அவன் அண்ணன், மச்சான், சித்தப்பா எல்லோரையும் சேர்க்காதீர்கள். சேர்த்த நாலு பேரால் உண்மையில் வெட்டியவனும் வெளியே வருகிறான்.

கடன் கொடுத்தவர்களே, புரோநோட்டுத் தேதியிலிருந்து மூன்று வருடத்துக்குள் வழக்குப் போடுங்கள். இடையில் பணம் வந்தால் வரவு வரியைக் கடன் வாங்கியவரே எழுத வேண்டும் அல்லது அதில் கையெழுத்திட வேண்டும். நீங்களே எழுதிக்கொண்ட வரவு காலக்கெடுவை நீட்டிக்காது. பொழுது சாய்ந்த பின், குடித்த வாயோடு, மச்சானைக் கூட்டிக்கொண்டு வீட்டு வாசலில் போய் நிற்காதீர்கள். மீட்டர் வட்டி, நாள் வட்டி வாங்குகிறவர் என்றால் கோர்ட்டுக்குப் போகப் பயப்படுவீர்கள். 2003-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு கந்துவட்டித் தடைச் சட்டத்தில் மூன்று வருடம் வரை சிறை, 30,000 ரூபாய் வரை அபராதம். வாங்கியவர்களே, கடனுக்கு ஈடாக நிலத்தைக் கிரையமாக எழுதிக் கொடுக்காதீர்கள். பாதி அரிவாள் அந்தப் பத்திரத்தில்தான் கிளம்புகிறது.

அப்பீலுக்கு வருகிறவர்கள் கொண்டு வர வேண்டியவை: தீர்ப்பு நகல், எல்லாச் சாட்சிகளின் முதல் விசாரணையும் குறுக்கு விசாரணையும், முதல் தகவல் அறிக்கை, விபத்துப் பதிவேடு, பிரேதப் பரிசோதனைச் சான்று, மகஜர்கள், வரைபடம், எதிரியிடம் நீதிபதி கேட்ட கேள்வி பதில், அபராதம் கட்டிய ரசீது. வக்காலத்தில் உள்ளே இருப்பவரின் கையெழுத்து சிறை அதிகாரி முன்னிலையில் விழுந்து, அவர் சான்றொப்பமும் முத்திரையும் இருக்க வேண்டும். தம்பியே அண்ணன் கையெழுத்தைப் போட்டுக் கொண்டு வருவது நடக்கிறது; அதற்கும் தனி வழக்கு இருக்கிறது.