உங்கள் பெயரில் ஓடும் நிரல்

கணினியின் செயலிக்கு (பிராசசருக்கு) நல்ல நிரல், கெட்ட நிரல் என்ற பாகுபாடு கிடையாது. ஒரு கோப்பைத் திறந்து, உள்ளிருப்பதைப் படித்து, வேறு வடிவில் மாற்றி எழுதி, பழையதை அழித்துவிடும் நிரல், படங்களின் அளவைக் குறைத்துத் தரும் பயனுள்ள மென்பொருளாகவும் இருக்கலாம். ஆவணங்களைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் ரான்சம்வேராகவும் இருக்கலாம். இரண்டும் இயங்குதளத்திடம் வைக்கும் கோரிக்கைகள் ஏறக்குறைய ஒன்றே. ஆகவே ஒரு நிரல் யாருடைய உரிமையில் ஓடுகிறது, அந்த உரிமை எதுவரை செல்லும் என்ற கேள்வியிலிருந்துதான் கணினிப் பாதுகாப்பு தொடங்குகிறது. இதை விளக்க 2017இல் உலகெங்கும் பரவிய வான்னாக்ரை என்ற ரான்சம்வேரைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது. அது எவ்வழியே உள்ளே வந்தது, வந்தபின் என்ன அதிகாரத்தோடு ஓடியது, எங்கே தடுமாறியது என்பவை எல்லாம் வரிவரியாக ஆராயப்பட்டுவிட்டன.

2017 மே 12 வெள்ளிக்கிழமை தொடங்கிய அந்தப் பரவல், சில நாட்களுக்குள் ஏறத்தாழ 150 நாடுகளில் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட கணினிகளை எட்டியது. பிரிட்டனின் தேசியச் சுகாதாரச் சேவையில் ஆயிரக்கணக்கான நோயாளிகளின் மருத்துவச் சந்திப்புகள் ரத்தாயின. ரெனோ கார் ஆலைகளில் உற்பத்தி நின்றது. இந்தியாவில் ஆந்திரக் காவல்துறையின் சில கணினிகளும் கேரளத்தின் சில ஊராட்சி அலுவலகக் கணினிகளும் பாதிக்கப்பட்டன. பொதுவாக வைரஸ் என்றதும், யாரோ ஒருவர் மின்னஞ்சலில் வந்த இணைப்பைச் சொடுக்கியிருப்பார் என்றே நினைக்கிறோம். வான்னாக்ரை பரவுவதற்கு யாரும் எதையும் சொடுக்கத் தேவைப்படவில்லை. ஓட்டை அடைக்கப்படாத கணினி மின்சாரத்திலும் வலையமைப்பிலும் இணைந்திருந்தால் அதுவே போதுமானதாக இருந்தது.

அது நுழைந்த வழி, ஒரே அலுவலகத்துக் கணினிகள் கோப்புகளையும் பிரிண்டரையும் பகிர்ந்துகொள்ளப் பயன்படும் எஸ்எம்பி என்ற நெறிமுறையின் முதல் பதிப்பு. விண்டோஸ் கணினி இந்தச் சேவைக்காக 445 என்ற போர்ட்டில், அதாவது வலையமைப்புச் செய்திகள் வந்துசேரும் எண்ணிட்ட வாசலில், எப்போதும் காது கொடுத்துக் காத்திருக்கும். வருகிற செய்திகளில், பழைய ஓஎஸ்/2 இயங்குதளக் காலத்து வடிவில் அமைந்த கோப்புப் பண்புகளின் பட்டியலும் இருக்கலாம். அதை விண்டோஸ் தன் வடிவுக்கு மாற்றிக்கொள்ள வேண்டும். பட்டியலில் செல்லாத பதிவுகள் இருந்தால் அவற்றைத் தள்ளிவிட்டு, மொத்த நீளத்தைக் குறைத்து எழுத வேண்டும். பிழை இருந்தது இந்தக் குறைத்தெழுதும் இடத்தில்தான். நீளம் 32 பிட் எண்ணாக (0, 1 என்ற இலக்கங்கள் 32 கொண்ட எண்ணாக) வைக்கப்பட்டிருக்க, நிரல் அதன் கீழ்ப்பாதியான 16 பிட்களை மட்டும் மாற்றிவிட்டு மேல்பாதியை அப்படியே விட்டுவிட்டது. இதனால் 65,536 என்ற நீளம் 65,373 ஆகக் குறைய வேண்டிய இடத்தில் 1,30,909 ஆகிவிடும். சுருங்க வேண்டிய எண் இரட்டிப்பாகிறது. நினைவகத்தில் ஒதுக்கப்பட்ட இடமோ உண்மையான அளவுக்கானது. நகலெடுக்கும் வேலை வீங்கிய எண்ணை நம்பித் தொடரும்போது, தாக்குபவர் அனுப்பிய பைட்டுகள் ஒதுக்கிய இடத்தைத் தாண்டி அண்டை நினைவகத்தின் மீது எழுதப்படுகின்றன. என்ன எழுத வேண்டும், எங்கே எழுத வேண்டும் என்று முன்கூட்டியே கணக்கிட்டு அனுப்பினால், அடுத்து எந்தக் கட்டளையைச் செயலி நிறைவேற்ற வேண்டும் என்பதையே வெளியாள் தீர்மானித்துவிடலாம். எஸ்எம்பி செய்திகளைக் கையாளும் இந்த நிரல் (டிரைவர்), இயங்குதளத்தின் கருவான கெர்னலுக்குள் ஓடுவது. அங்கே பிடி கிடைத்துவிட்டால் அதற்கு மேல் கேட்டுப் பெற வேண்டிய அனுமதி ஏதும் மிச்சமில்லை.

இந்தப் பிழையைப் பயன்படுத்தும் எட்டர்னல்புளூ என்ற கருவியை உருவாக்கி வைத்திருந்தது அமெரிக்கத் தேசியப் பாதுகாப்பு முகமை. மைக்ரோசாஃப்ட் 2017 மார்ச் 14 அன்று இதற்கான திருத்தத்தை வெளியிட்டது. ஷேடோ புரோக்கர்ஸ் என்ற குழு ஏப்ரல் 14 அன்று கருவியையே இணையத்தில் போட்டு உடைத்தது. மே 12 அன்று வான்னாக்ரை வந்தது. அதாவது மருந்து வந்து ஏறத்தாழ இரண்டு மாதங்களுக்குப் பிறகே நோய் வந்திருக்கிறது. திருத்தம் வெளியாவதில் இன்னொரு விளைவும் உண்டு. பழைய கோப்பையும் திருத்திய கோப்பையும் ஒப்பிட்டுப் பார்த்தால், எந்த வரியில் ஓட்டை இருந்தது என்பது தெரிந்தவர்களுக்குத் தெரிந்துவிடும். எனவே அப்டேட் வெளியான நாளிலிருந்து அதை நிறுவாத கணினியின் ஆபத்து முன்பிருந்ததைவிடக் கூடுகிறது. "அப்டேட் வந்தால் கணினி மெதுவாகிவிடும்" என்று சொல்லி, விண்டோஸ் போட்டுத் தரும்போதே அப்டேட்டை நிறுத்திவைத்துக் கொடுக்கும் கடைகள் நம் ஊர்களில் ஏராளம். உரிமம் இல்லாத நகல் என்பதைக் கணினி காட்டிக்கொடுத்துவிடக் கூடாது என்ற கவலையும் அதன் பின்னே இருக்கும். வாடிக்கையாளருக்குச் செய்யும் உதவி என்று நினைத்து அவர்கள் செய்வது, எனக்குத் தெரிந்தவரை, கணினிப் பாதுகாப்பில் நடக்கும் ஆகப் பெரிய கேடு.

திருத்தம் போடாத வீட்டுக் கணினிகளில் பலவும் தப்பியதற்குக் காரணம் அவற்றின் முன்னால் இருந்த வைஃபை ரௌட்டர். வீட்டிலுள்ள எல்லாக் கருவிகளும் ஒரே வெளி முகவரியைப் பகிர்ந்துகொள்வதால், உள்ளிருந்து தொடங்கிய உரையாடலுக்கு வரும் பதிலை எந்தக் கருவிக்குத் தர வேண்டும் என்பதை ரௌட்டர் குறித்து வைத்திருக்கும். வெளியிலிருந்து தானாக 445ஐத் தட்டும் செய்திக்கு அந்தக் குறிப்பில் இடமில்லை என்பதால் அது அங்கேயே கைவிடப்படும். அலுவலகத்திலோ கல்லூரி ஆய்வகத்திலோ நிலைமை வேறு: ஒரு கணினிக்குள் புகுந்துவிட்டால் மற்றவை எல்லாம் ரௌட்டருக்கு இந்தப் பக்கமே இருக்கின்றன. வான்னாக்ரை ஒரு புறம் உள்வலையமைப்பைத் துழாவியது, மறு புறம் இணையத்தில் கண்ட கண்ட முகவரிகளையெல்லாம் தட்டிப் பார்த்தது. தாக்குதலைத் தொடங்கும் முன், பொருளற்ற எழுத்துகளால் ஆன நீண்ட இணைய முகவரி ஒன்றை அது தொடர்புகொள்ள முயலும். பதில் கிடைத்தால் ஒன்றும் செய்யாமல் நின்றுவிடும். பிரிட்டனைச் சேர்ந்த ஆய்வாளர் மார்கஸ் ஹட்சின்ஸ் அந்த முகவரி யார் பெயரிலும் இல்லாததைக் கண்டு, சுமார் 11 டாலர் கட்டித் தன் பெயரில் பதிவு செய்தார். பரவல் தணிந்தது அதனால்தான். அது நிறுத்தும் விசை என்பது பதிவு செய்தபோது அவருக்கே தெரியாது என்பது கூடுதல் சுவாரசியம்.

கெர்னல் வழியாக நுழைவது அரிய வகை. பெரும்பாலான நச்சுநிரல்கள் பயனரின் கையாலேயே உள்ளே வருகின்றன; பில் என்ற பெயரில் வரும் கோப்பாகவோ, இலவசமாகக் கிடைக்கும் கிராக் மென்பொருளாகவோ, ஜெராக்ஸ் கடையில் செருகி எடுத்த பென்டிரைவ் வழியாகவோ. பென்டிரைவில் கோப்புறைகள் எல்லாம் திடீரென ஷார்ட்கட்டுகளாக மாறியிருப்பதைப் பலர் பார்த்திருப்பார்கள். உண்மைக் கோப்புறைகளை மறைத்துவிட்டு, அதே பெயரிலும் அதே மஞ்சள் படத்தோடும் குறுக்குவழிகளை வைக்கிறது அந்த வைரஸ். சொடுக்கினால் கோப்புறையும் திறக்கும், பின்னணியில் நிரலும் ஓடும், பயனருக்கு எந்தக் குறையும் தென்படாது. படத்தின் ஓரத்தில் இருக்கும் சிறிய வளைந்த அம்புக்குறி ஒன்றே அடையாளம்.

இவ்வாறு நீங்கள் இயக்கும் நிரல், உங்கள் உரிமைகளை அப்படியே பெற்றுக்கொண்டு ஓடுகிறது. விண்டோஸ் எக்ஸ்பி காலத்தில் ஏறத்தாழ எல்லோரும் நிர்வாகிக் கணக்கிலேயே வேலை செய்ததால், எந்த நிரலும் முழுக் கணினியையும் ஆளலாம் என்றிருந்தது. 2007இல் பொதுப் பயனுக்கு வந்த விஸ்டா இதை மாற்றியது. அதுமுதல் நிர்வாகி உள்நுழையும்போது இரண்டு அனுமதிச் சீட்டுகள் உருவாகின்றன. ஒன்று அதிகாரம் குறைக்கப்பட்டது, மற்றொன்று முழுமையானது. அன்றாட நிரல்கள் குறைந்த சீட்டிலேயே ஓடும். முழுச் சீட்டு வேண்டும்போது திரை மங்கி, "ஆம்", "இல்லை" என்று கேட்கும் பெட்டி தோன்றும். திரை மங்குவது வெறும் அலங்காரம் அன்று: அந்தப் பெட்டி தனியான வேறொரு திரைத்தளத்தில் வரையப்படுகிறது, சாதாரண நிரல்கள் அதன் மேல் சுட்டியை நகர்த்தி "ஆம்" என்று தாமே அழுத்திவிட முடியாது. எரிச்சலில் அதை அணைத்து வைப்பவர்கள் இந்தப் பிரிவினையையே கலைத்துவிடுகிறார்கள். அன்றாட வேலைக்கு நிர்வாகி அல்லாத தனிக் கணக்கு வைத்துக்கொள்வது இன்னும் நல்லது. அப்போது வெறும் "ஆம்" போதாது, நிர்வாகியின் கடவுச்சொல்லையே கேட்கும்.

ஆனால் இந்த ஏற்பாடு காப்பது எதை என்று கூர்ந்து பார்க்க வேண்டும். பயனர் உரிமை என்ற கருத்து 1960களிலும் 70களிலும், மல்டிக்ஸ், யூனிக்ஸ் போன்ற இயங்குதளங்களில், ஒரே பெரிய கணினியைப் பலர் பகிர்ந்துகொண்ட சூழலில் வளர்ந்தது. ஒருவருடைய கோப்பை இன்னொருவர் தொடக் கூடாது, யாரும் இயங்குதளத்தைச் சிதைக்கக் கூடாது என்பதே அதன் நோக்கம். ஒருவர் இயக்கும் நிரல் அவருக்கே எதிராக வேலை செய்யும் என்ற நிலைமைக்கு அதில் பதில் இல்லை. உங்கள் புகைப்படங்களையும் கணக்கு வழக்குகளையும் திருத்த உங்களுக்கு நிர்வாகி அனுமதி தேவையில்லை; ஆகவே உங்கள் பெயரில் ஓடும் ரான்சம்வேருக்கும் தேவையில்லை. திரை ஒருமுறைகூட மங்காமலேயே அத்தனை ஆவணங்களும் பூட்டப்பட்டுவிடலாம். விண்டோஸை மறுபடியும் நிறுவிக்கொள்ளலாம், குழந்தையின் முதல் பிறந்தநாள் படங்களை நிறுவ முடியாது என்று எண்ணும் எவருக்கும் இது தலைகீழான பாதுகாப்பாகவே தெரியும்.

அப்படிப் பூட்டியதை ஏன் உடைக்க முடிவதில்லை? வான்னாக்ரை ஒவ்வொரு கோப்பையும் அதற்கென உருவாக்கிய ஒரு சாவியால், ஏஇஎஸ் என்ற குறியாக்க முறையில் பூட்டியது. அந்தச் சாவிகளை, அந்தந்தக் கணினியிலேயே உருவாக்கிய 2048 பிட் ஆர்எஸ்ஏ பொதுச்சாவியால் (பூட்ட உதவும், திறக்க உதவாத சாவியால்) பூட்டியது. அந்தப் பூட்டைத் திறக்கும் இணையான தனிச்சாவியை, தாக்கியவர்களிடம் மட்டும் திறவுகோல் உள்ள இன்னொரு பொதுச்சாவியால் பூட்டியது. ஆர்எஸ்ஏ சாவியின் வலிமை, இரண்டு மிகப் பெரிய பகா எண்களைப் பெருக்குவது எளிது, பெருக்குத்தொகையிலிருந்து அவற்றைப் பிரித்தெடுப்பது நடைமுறையில் இயலாதது என்பதில் இருக்கிறது. எனினும் எக்ஸ்பியில் ஒரு சந்து கிடைத்தது. சாவி உருவான பின்னும் அந்தப் பகா எண்களை நினைவகத்திலிருந்து எக்ஸ்பி துடைப்பதில்லை என்பதைக் கவனித்த பிரெஞ்சு ஆய்வாளர் அட்ரியன் கினே, அவற்றைத் தேடி எடுத்துச் சாவியை மீட்கும் கருவியை வெளியிட்டார். கணினியை அணைக்காமல் வைத்திருந்தவர்களுக்கே அது பயன்பட்டிருக்கும். பணம் கட்டியவர்களின் நிலையோ இன்னும் மோசம்: எல்லோருக்கும் பொதுவாக மூன்றே பிட்காயின் முகவரிகள் தரப்பட்டிருந்ததால், யார் கட்டினார்கள் என்று தாக்கியவர்கள் தானாகப் பிரித்தறிய வழியில்லாமல் இருந்தது.

ஆன்டிவைரஸ் என்ன செய்கிறது என்று கேட்கலாம். அறிமுகமான நச்சுநிரல்களின் பைட் வரிசைகளை வைத்துக்கொண்டு கோப்புகளில் தேடுவது அதன் பழைய வேலை. அது விழித்திருக்கிறதா என்று சோதிக்க ஆன்டிவைரஸ் ஆய்வு அமைப்பான ஐகார் வகுத்த, 68 எழுத்துகள் மட்டுமே கொண்ட, தீங்கற்ற சோதனைக் கோப்பு ஒன்று உண்டு. அதைச் சேமித்த கணத்தில் எச்சரிக்கை வர வேண்டும். புதிதாக எழுதப்பட்ட நிரலுக்கு இந்த முறை உதவாது. அதனால் இப்போது, ஒரு நிரல் குறுகிய நேரத்தில் நூற்றுக்கணக்கான கோப்புகளை மாற்றி எழுதுகிறதா என்பது போன்ற நடத்தைகளையும் கண்காணிக்கிறார்கள். விண்டோஸோடு வரும் டிஃபெண்டரே இவ்விரண்டையும் செய்கிறது. சாதாரணப் பயனருக்கு அதற்கு மேல் காசு கொடுத்து வாங்க வேண்டிய அவசியம் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

உண்மையான மாற்று, உரிமையை ஆளுக்குக் கொடுக்காமல் நிரலுக்குக் கொடுப்பது. ஆண்ட்ராய்டில் ஒவ்வொரு ஆப்பும் தனிப் பயனராகவே கருதப்பட்டு, தனி அடையாள எண் பெற்று, தன் அறைக்குள் ஓடுகிறது. படங்களைப் பார்க்க வேண்டுமானால் உங்களிடம் கேட்க வேண்டும். மேசைக் கணினிகள் இந்தத் திசையில் தயங்கித் தயங்கியே நகர்கின்றன. 2017 அக்டோபரில் வந்த விண்டோஸ் 10 பதிப்பில், குறிப்பிட்ட கோப்புறைகளில் நம்பகமான நிரல்கள் மட்டுமே எழுதலாம் என்று கட்டுப்படுத்தும் வசதி சேர்ந்தது. விண்டோஸ் செக்யூரிட்டிக்குள் ரான்சம்வேர் பாதுகாப்பு என்ற பகுதியில் அது இருக்கிறது, ஆனால் தானாக இயங்காது, நாம்தான் இயக்க வேண்டும். இயக்கினால் சில விளையாட்டுகளும் அதிகம் அறியப்படாத மென்பொருள்களும் சேமிக்க முடியாமல் முரண்டு பிடிக்கும். ஒவ்வொன்றாக அனுமதித்துக்கொண்டு போக வேண்டும்.

இத்தனையும் தவறினால் எஞ்சுவது பேக்கப் மட்டுமே, அதிலும் உரிமைக் கணக்கு பொருந்தும். எப்போதும் செருகியே வைத்திருக்கும் வெளி ஹார்டு டிஸ்க், கணினியைப் பொறுத்தவரை இன்னொரு டிரைவ். உங்களால் எழுத முடிந்த இடத்தில் ரான்சம்வேராலும் எழுத முடியும். மேகக் கணினியில் தானாக ஒத்திசையும் கோப்புறையும் பூட்டப்பட்ட கோப்புகளை உண்மையாய் மேலேற்றிவிடும். முந்தைய பதிப்புகளைச் சில காலம் வைத்திருக்கும் சேவையாக இருந்தால் மட்டும் மீட்கலாம். பிரதி எடுத்துக் கழற்றி அலமாரியில் வைத்த டிஸ்க்கை எந்த நிரலாலும் தொட முடியாது.

கழற்றி வைத்த டிஸ்க் நிரலிடமிருந்து தப்பினாலும் மனிதரிடமிருந்து தப்பாது. திருடுபோன மடிக்கணினிக்கும் இது பொருந்தும். உள்நுழைவுக் கடவுச்சொல்லைச் சரிபார்ப்பது ஓடிக்கொண்டிருக்கும் விண்டோஸ். டிஸ்க்கைக் கழற்றி வேறொரு கணினியில் மாட்டினால் அந்தக் காவலே அங்கு இல்லை, கோப்புகள் அத்தனையும் கடவுச்சொல் கேட்காமல் திறக்கும். இதற்கு டிஸ்க் முழுவதையும் குறியாக்கம் செய்வதே வழி. விண்டோஸில் பிட்லாக்கர் அதே ஏஇஎஸ் முறையில் இதைச் செய்கிறது. சாவி பொதுவாக மதர்போர்டோடு இணைந்த டிபிஎம் பகுதியின் பொறுப்பில் இருக்கும் என்பதால், மதர்போர்டை மாற்றினாலோ சில அமைப்புகளைத் திருத்தினாலோ கணினி 48 இலக்க மீட்பு எண்ணைக் கேட்கும். புதிய மடிக்கணினிகள் பலவற்றில், மைக்ரோசாஃப்ட் கணக்கோடு முதன்முறை உள்நுழையும்போதே, பயனர் அறியாமல் இந்தக் குறியாக்கம் தொடங்கிவிடுகிறது. மீட்பு எண்ணும் அந்தக் கணக்கிலேயே சேமிக்கப்பட்டிருக்கும். சர்வீஸ் கடைக்குக் கொடுக்கும் முன் அதை எடுத்துத் தாளில் எழுதி வைத்துக்கொள்வது நல்லது.