கணுக்காலை மூடினால் சுளுக்கு வராதா?

பீளமேட்டுப் பக்கம் எங்கு திரும்பினாலும் கல்லூரிப் பிள்ளைகள் காலில் கணுக்கால் வரை மூடும் ஹை டாப் கேன்வாஸ் ஷூதான். பழைய ஸ்டைல் திரும்பி வந்திருக்கிறது. ஜீன்ஸுக்கும் எடுப்பு, வேட்டிக்கும் எடுப்பு. எனக்கும் பிடிக்கும். ஆனால் கணுக்கால் வீங்கி பிசியோதெரபிக்கு வருகிறவர்கள் தவறாமல் கேட்பது இதுதான்: "ஏனுங்க டாக்டர், கணுக்காலையே மூடுதுங்களே, அப்புறம் எப்படிங்க சுளுக்குச்சு?"

மூடுவது வெறும் துணிங்க. பாதம் உள்பக்கமாகப் புரளும்போது உடம்பு எடை முழுவதும் வெளிப்பக்கத் தசைநாரில் இறங்கும். அதை இந்தத் துணி பிடித்து நிறுத்தாது. 1917-இல் வந்த கன்வர்ஸ் ஆல் ஸ்டார் கூடைப்பந்து மைதானத்தில் பேர் வாங்கிய ஷூ என்பது உண்மை. ஆனால் 1993-இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், கூடைப்பந்து ஆடும் 622 கல்லூரி மாணவர்களுக்கு ஹை டாப், லோ டாப் எனப் பிரித்துக் கொடுத்துப் பார்த்தபோது சுளுக்கில் சொல்லும்படி வித்தியாசம் தெரியவில்லை.

ஆகவே ஷூவின் கழுத்து உயரத்தைப் பார்த்து வாங்காதீர்கள், அடிப்பாகத்தைப் பாருங்கள். ஷூவுக்குள் கைவிட்டுக் குதிகால் படும் இடத்தைக் கட்டைவிரலால் அழுத்துங்கள். கொஞ்சமும் அமுங்காமல் ரப்பர் நேராக விரலில் இடித்தால், நாள் முழுக்க நிற்பவர்களுக்கு அது ஆகாது. திருப்பூர் பனியன் கம்பெனியில் செக்கிங் பார்க்கும் ஓர் அம்மணி, காலையில் எழுந்து முதல் அடி வைத்தாலே குதிகாலில் ஆணி குத்துகிறது என்று வந்தார். ஷூவைத் தலைகீழாகக் கவிழ்த்தால் அட்டை மாதிரி ஓர் இன்சோல் விழுந்தது. மெத்தென்ற, வளைவைத் தாங்கும் இன்சோல் போட்டு, கெண்டைக்கால் நீட்டும் பயிற்சியும் சொல்லிக் கொடுத்த பிறகுதான் வலி இறங்கியது.

இன்னொன்று, இந்தக் கேன்வாஸ் ஷூக்களின் சோல் கிட்டத்தட்ட தட்டை. ரன்னிங் ஷூக்கள் பலவற்றில் குதிகால் 8 முதல் 12 மில்லிமீட்டர் உயர்ந்திருக்கும். அதிலிருந்து ஒரே நாளில் இதற்கு மாறினால் கெண்டைக்கால் இழுக்கும். முதலில் இரண்டு மூன்று மணி நேரம் போட்டுப் பழகுங்கள்.

அளவு பார்க்கச் சாயங்காலம் போங்கள், அப்போது பாதம் சற்று உப்பியிருக்கும். போடப்போகும் சாக்ஸுடனேயே போட்டுப் பாருங்கள். செருப்பிலேயே வளர்ந்த நம் பாதம் முன்பக்கம் விரிந்தது. காகிதத்தில் காலை வைத்து வரைந்து, அதன் மேல் ஷூவை வையுங்கள். கோடு ஷூவுக்கு வெளியே தெரிந்தால் அந்த ஜோடி வேண்டாம். நீளவிரலுக்கு முன்னால் அரை அங்குலம் இடம் வேண்டும். லேஸை உச்சி ஓட்டையில் இறுக்கினால் நடக்கும்போது கணுக்காலின் முன்புறம் அறுக்கும். ஒரு ஓட்டை கீழே முடிச்சுப் போடுங்கள்.

வால்பாறை மழைக்கு இது சரிப்படாது, வெள்ளியங்கிரி ஏறவும் வேண்டாம். நனைந்தால் உள்ளே பழைய நியூஸ் பேப்பரைத் திணித்து ஃபேன் காற்றில் உலர்த்துங்கள். ஈரத்தோடு போட்டால் விரலிடுக்கில் சேற்றுப்புண் வரும்.

சர்க்கரையால் பாதம் மரத்துப்போனவர்கள் மருத்துவரிடம் காட்டாமல் இதை வாங்கவே கூடாது. உரசிக் கொப்புளம் எழும்பினாலும் அவர்களுக்குத் தெரியாது. "போடப் போட லூசாயிருமுங்க" என்பார் கடைக்காரர். துணி இளகும், விரல் நுனியை மூடியிருக்கும் ரப்பர் இளகாது.