எல்லாம் நார்மல்தானே டாக்டர்?

போன மாதம் ஒரு பெரியவர் கால் விரலில் ஆறாத புண்ணோடு கிளினிக்குக்கு வந்தார். பழைய சர்க்கரை நோயாளி. ஏழெட்டு மாதமாக மாத்திரையை நிறுத்திவிட்டாராம். ஏன் ஐயா என்றால், "நீங்கதானே சார் சுகர் நார்மல்னு சொன்னீங்க" என்கிறார். பழைய சீட்டைப் புரட்டினேன், என் கையெழுத்தேதான்: 'சுகர் நார்மல், அதே மாத்திரை தொடரவும்.' முதல் பாதியோடு அவர் மனசு நிறைந்துவிட்டது, இரண்டாம் பாதி ஏறவில்லை. அவரைக் குறை சொல்லி என்ன பயன், அப்படி எழுதியது நான்.

அன்றிலிருந்து இந்தச் சொல்லை ஒரு நாளில் எத்தனை தடவை சொல்கிறேன் என்று கவனித்து வருகிறேன். நார்மல் டெலிவரி, நார்மல் வார்டு, நார்மல் சலைன், நார்மல் ஈசிஜி என்று எல்லாவற்றுக்கும் ஒரே சொல், ஆனால் ஒவ்வொரு இடத்திலும் பொருள் வேறு. லத்தீனில் நார்மா என்றால் தச்சர் வைத்திருக்கும் மூலைமட்டம். கணக்கில் இன்றைக்கும் நார்மல் என்றால் செங்குத்துக் கோடுதான். மூலைமட்டத்துக்குப் பொருந்தியது என்ற பொருள் நகர்ந்து நகர்ந்து, 'ஒன்றுமில்லை, வீட்டுக்குப் போகலாம்' என்று நம் ஊரில் வந்து நிற்கிறது.

அந்தப் பெரியவருக்கு நான் சொன்ன நார்மல், மாத்திரையின் தயவில் வந்த நார்மல். நோய் இல்லாதவருக்கு வெறும் வயிற்றில் சர்க்கரை 100க்குக் கீழே இருக்கும், 126ம் அதற்கு மேலும் என்றால் சர்க்கரை நோய். மாத்திரை சாப்பிட்டு அளவு இறங்கினால் மருந்து வேலை செய்கிறது என்று அர்த்தமே தவிர, நோய் போய்விட்டது என்று இல்லை. பிரஷருக்கும் இதே கதைதான்.

லேப் ரிப்போர்ட்டில் ஓரமாக அச்சடித்திருக்கும் அளவுகள் எங்கிருந்து வருகின்றன தெரியுமா? பெரும்பாலும் ஆரோக்கியமான நிறைய பேரைச் சோதித்து, நடுவில் வரும் 95 சதவீதத்தை நார்மல் என்று வைத்துக்கொள்கிறார்கள். அப்படியென்றால் ஒரு குறையும் இல்லாதவர்களிலேயே 20 பேரில் ஒருவருக்கு அளவு கோட்டுக்கு வெளியே போகும். மாஸ்டர் செக்கப் என்று ஐம்பது அறுபது டெஸ்ட் எடுத்தால் ஒன்றிரண்டு தடித்த எழுத்தில் வராமல் இருந்தால்தான் ஆச்சரியம். அதைப் பார்த்துத் தூக்கம் கெட்டு வருபவர்கள் ஒரு பக்கம்.

இன்னொரு பக்கம்தான் எனக்குப் பயம். சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று பார்க்க ரத்தத்தில் அளக்கும் கழிவுப்பொருளான கிரியேட்டினின் 1.1 என்று வருகிறது, பல லேப் தாளில் அது நார்மல். ஜிம்முக்குப் போகும் 25 வயதுப் பையனுக்கு அது நல்ல அளவுதான். அதே 1.1 ஒரு 75 வயதுப் பாட்டிக்கு வந்தால், வயதையும் சேர்த்துக் கணக்குப் போட்டால் சிறுநீரகத்தின் வடிகட்டும் வேகம் 52 அளவில்தான் நிற்கும், 60க்குக் கீழே இறங்கினாலே நாங்கள் உஷாராகிவிடுவோம். கிரியேட்டினின் தசையிலிருந்து வருவது, பாட்டி உடம்பில் தசை எங்கே இருக்கிறது? அதனால் அவருக்கு 1.1 என்பதே அதிகம். தாளைப் பார்த்துவிட்டு மூட்டு வலிக்கு மெடிக்கலில் வலி மாத்திரை வாங்கி மாதக்கணக்கில் போட்டால், சிறுநீரகத்தில் மிச்சமிருக்கும் சக்தியும் போகும்.

நெஞ்சுவலியோடு வந்து ஈசிஜி எடுத்து, நார்மல் என்றதும் 'கேஸ்தான்' என்று எழுந்து போகிறவர்களை நான் கையைப் பிடித்து உட்கார வைத்திருக்கிறேன். மாரடைப்பின் தொடக்கத்தில் முதல் ஈசிஜி நார்மலாக இருக்கலாம். வலி இருந்தால் கொஞ்ச நேரம் விட்டு மறுபடி எடுக்க வேண்டும், இதயத் தசை அடிபட்டிருக்கிறதா என்று காட்டும் ட்ரோபோனின் ரத்தப் பரிசோதனையும் வேண்டும். வியர்வை, இடது கையில் அல்லது தாடையில் வலி என்றால் இரவு எத்தனை மணியானாலும் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிவிடுங்கள், காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று மட்டும் இருக்காதீர்கள்.

அப்புறம் இந்த நார்மல் சலைன். உடம்பு அசதி, ஒரு பாட்டில் ஏற்றுங்கள் என்று கேட்டு வருவார்கள், நார்மல் என்றுதானே போட்டிருக்கிறது, என்ன ஆகப்போகிறது என்ற தைரியம். ஒரு லிட்டரில் 9 கிராம் உப்பு. ஒரு நாளைக்கே 5 கிராமுக்குள் உப்பு போதும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். இதயம் பலவீனமானவருக்குச் சும்மா ஏற்றினால் நுரையீரலில் நீர் கோத்து மூச்சுத்திணறலில் கொண்டுபோய் விடும்.

நார்மல் டெலிவரி பற்றித் தனியாகவே எழுத வேண்டும். சிசேரியன் ஆன பெண்ணை வீட்டுக்கு வருகிறவர்களெல்லாம் "நார்மல் இல்லையா?" என்று துக்கம் விசாரிப்பதைப் போல விசாரிப்பார்கள், பாவம், குழந்தையைப் பார்க்க வந்தவர்கள் குழந்தையைப் பார்த்துவிட்டுப் போகக்கூடாதா?

சரி, இனிமேல் டாக்டர் நார்மல் என்றால் ஒரு கேள்வி கேளுங்கள்: மாத்திரையோடவா, மாத்திரை இல்லாமலா? என் வயசுக்குமா? நானும் சீட்டில் அந்தச் சொல்லை விட்டுவிட்டு 'மாத்திரையால் கட்டுக்குள் இருக்கிறது' என்று நீட்டி எழுதுகிறேன். போன வாரம் பெரியவர் வந்தார், புண் பாதிக்கு மேல் ஆறியிருந்தது, சர்க்கரையும் இறங்கியிருந்தது. சீட்டை வாங்கிக் கண்ணாடி போட்டு ஒரு தடவைக்கு இரண்டு தடவை படித்தார். முகம் வாடிவிட்டது.

"அப்போ நார்மல் இல்லையா சார்?"