அந்தப் பிள்ளைக்கு அம்மா இருக்கிறாள்

மறுபடியும் அதே மாதிரி ஒரு கோப்பு என் மேசைக்கு வந்திருக்கிறது. உகாண்டாவின் தலைநகர் கம்பாலாவுக்கு வெளியே ஒரு குழந்தைகள் காப்பகம், ஏழு வயதுப் பையன். சேர்க்கைப் படிவத்தில் ‘தாய் தந்தை இருவரும் இறந்துவிட்டனர்’ என்று எழுதியிருக்கிறது. அவனுடைய அம்மா சில மணி நேர பஸ் தூரத்தில், ஒரு கிராமத்தில் வாழைத் தோட்டக் கூலியாக இருக்கிறார். கணவர் விட்டுப் போன நேரத்தில் சிலர் வந்து, “நல்ல பள்ளியில் சேர்க்கிறோம், லீவுக்கு அனுப்பி வைக்கிறோம்” என்றிருக்கிறார்கள். வாசிக்கத் தெரியாத தாளில் கைநாட்டு வைத்துக் கொடுத்திருக்கிறார். அதற்குப் பிறகு ஒரு லீவுக்கும் பையன் ஊருக்கு வரவில்லை.

உகாண்டாவில் குழந்தைகள் பாதுகாப்பு வேலையில் இருக்கிற யாருக்கும் இது புதிய கதை இல்லை. அதனால்தான் கோபம் வருகிறது. இந்தக் கோப்பைப் படித்துக்கொண்டிருக்கும்போதே தெரிந்தவர் ஒருவரிடமிருந்து செய்தி: “இங்கே நல்ல அனாதை இல்லம் ஒன்று சொல்லுங்களேன், மகள் பிறந்தநாளுக்குச் சாப்பாடு போடணும்.” கேட்பவரின் மனதை நான் சந்தேகிக்கவில்லை. நம் ஊரில் பழகிய வழக்கம், இங்கே வந்தும் விடவில்லை. ஆனால் அந்த நல்ல மனதை நம்பித்தான் இந்தக் காப்பகத் தொழிலே நடக்கிறது என்பதையும் சொல்லியாக வேண்டும்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிவிடுகிறேன். ஆப்பிரிக்கக் காப்பகங்களில் இருக்கும் குழந்தைகளில் பெரும்பாலானவர்கள் அனாதைகள் இல்லை. உலக அளவில் பார்த்தாலும், காப்பகங்களில் வளரும் குழந்தைகளில் ஐந்தில் நான்கு பேருக்குத் தாயோ தந்தையோ உயிரோடு இருக்கிறார்கள். ‘சேவ் தி சில்ட்ரன்’ அமைப்பு 2009லேயே இதைச் சொல்லிவிட்டது. பெற்றோர் இருவரும் இல்லாத பிள்ளைகளுக்கும் பாட்டி இருக்கிறார், சித்தி இருக்கிறார், வேலைக்குப் போகிற அண்ணன் இருக்கிறான்.

“அப்படியானால் ஆப்பிரிக்காவில் கோடிக்கணக்கான அனாதைகள் என்கிறார்களே, அது பொய்யா?” என்று கேட்பார்கள். எண் பொய் இல்லை, எண்ணுகிற முறையைத்தான் யாரும் கவனிப்பதில்லை. யுனிசெஃப் கணக்கில், பெற்றோரில் ஒருவரை இழந்த பிள்ளையும் அந்தப் பட்டியலில் வரும். அப்பா இறந்து அம்மா வளர்க்கும் குழந்தையும் அதில் உண்டு. 2015இல் உலகம் முழுக்க அப்படி எண்ணியபோது ஏறத்தாழ 14 கோடி. அதில் தாய், தந்தை இருவரையுமே இழந்தவர்கள் சுமார் 1 கோடியே 51 லட்சம். மீதிப் பேருக்குத் தாயோ தந்தையோ உயிரோடு இருக்கிறார். 14 கோடி என்ற எண்ணை நோட்டீஸில் போட்டு நிதி கேட்பவர்கள் இந்த இரண்டாவது எண்ணைப் போடுவதில்லை.

இன்னொன்று. பலர் மனதில் இருக்கும் படம் 1990களின் படம். உகாண்டாவில் விக்டோரியா ஏரிப் பக்கம், ரகாய், மசாகா மாவட்டங்களில், எய்ட்ஸ் நோயை ‘ஸ்லிம்’ என்று சொல்லிக்கொண்டிருந்த காலத்தில், ஒரு தலைமுறையையே பாட்டிகள் வளர்த்தார்கள். அது உண்மை. 2004 வாக்கில் தொடங்கி இலவச எச்.ஐ.வி. மருந்து பரவலாகக் கிடைக்கத் தொடங்கியது. இன்று மருந்தை ஒழுங்காகச் சாப்பிடும் தாய் உயிரோடு இருக்கிறாள், வேலை செய்கிறாள், பிள்ளையை வளர்க்கிறாள். அவளுக்கு ஆஸ்பத்திரிக்குப் போக பஸ் கட்டணம் வேண்டும். பிள்ளைக்குக் காப்பகத்தில் ஒரு கட்டில் தேவையில்லை.

சரி, பெற்றோர் இருந்தும் ஏன் விடுகிறார்கள்? பள்ளிக்கூடம். ஒரே வார்த்தையில் பதில் இதுதான். உகாண்டாவில் 1997 முதல் தொடக்கப் பள்ளி இலவசம் என்றாலும் சீருடை, நோட்டு, மதிய உணவு, தேர்வுக் கட்டணம் என்று ஏதாவது ஒன்று இருந்துகொண்டே இருக்கும். காப்பகம் அதையெல்லாம் தருகிறது என்றால் பிள்ளையைக் கொடுக்கத்தான் தோன்றும். அடுத்தது, பிரசவத்தில் அம்மா இறந்து, பால் பவுடர் வாங்க முடியாமல் நிற்கும் அப்பாக்கள். அடுத்தது, உடல் குறைபாடுள்ள பிள்ளைகள். நாங்கள் ஒரு காப்பகத்தை மூடிப் பிள்ளைகளை வீடு சேர்க்கும்போது கடைசிவரை மீதி இருப்பது இவர்கள்தான். வறுமை ஒன்றை மட்டும் காரணம் காட்டிக் குழந்தையைக் குடும்பத்திலிருந்து பிரிக்கக் கூடாது என்று ஐ.நா. பொதுச்சபை 2009இல் ஏற்ற வழிகாட்டு நெறிகள் சொல்கின்றன. இங்கே நான் பார்ப்பதில் பெரும்பகுதி வறுமைதான்.

கைக்குழந்தைக்கு ஆயாக்கள் ஷிஃப்ட் முறையில் மாறிக்கொண்டே இருந்தால் என்ன ஆகும் என்று நான் விளக்கப் போவதில்லை. பிள்ளை வளர்த்த யாருக்கும் தெரியும்.

இது வெறும் கவனக்குறைவு என்றும் நினைக்காதீர்கள். 2020 ஆகஸ்டில் அமெரிக்க அரசு உகாண்டாவின் இரண்டு நீதிபதிகள் மீதும் ஒரு வழக்கறிஞர் மீதும் தடை விதித்தது. தொலைதூரக் கிராமங்களில் “கம்பாலாவில் படிக்க வைக்கிறோம்” என்று பெற்றோரிடம் ஆசை காட்டி, பிள்ளைகளைப் பதிவு பெறாத இல்லத்தில் வைத்து, அமெரிக்கக் குடும்பங்களுக்குத் தத்துக் கொடுத்தார்கள் என்பது குற்றச்சாட்டு. உகாண்டா 2016லேயே சட்டத்தைத் திருத்தி வெளிநாட்டுத் தத்தைக் கடுமையாக்கியிருந்தது. சட்டம் கடுமையாகலாம். காப்பகத்தில் பிள்ளை எண்ணிக்கைக்கு ஏற்பப் பணம் வரும்வரை, பிள்ளைகளைத் தேடிப் பிடிக்கும் ஆட்கள் இருப்பார்கள்.

“அப்போ அந்தப் பிள்ளைகளை யார் பார்த்துக்கொள்வது?” என்பது அடுத்த கேள்வி. ஏற்கெனவே பார்த்துக்கொண்டிருப்பவர்கள்தான். இதை வெளியிலிருந்து வருபவர்கள் பார்க்கத் தவறுகிறார்கள். உகாண்டாவின் நடுவில் இருக்கும் புகாண்டா பகுதிக் கிராமங்களில் ‘முன்னோ முகாபி’ என்று அக்கம்பக்கத்தார் சேர்ந்து நடத்தும் குழுக்கள் உண்டு. சாவு, கல்யாணம் என்றால் எல்லோரும் கை கொடுப்பார்கள். கிராமச் சேமிப்புக் குழுக்கள் இன்னொரு பலம். 1991இல் நைஜரில் பெண்களிடையே ‘கேர்’ நிறுவனம் தொடங்கி வைத்த முறை அது. இன்று ஆப்பிரிக்கா முழுக்க இருக்கிறது. நம் ஊர் மகளிர் சுயஉதவிக் குழு மாதிரிதான், ஆனால் வங்கி இல்லை. மூன்று பூட்டுப் போட்ட இரும்புப் பெட்டி, மூன்று பேரிடம் சாவி. கடனுக்கான பணம் தனி, ஆபத்துக்கு உதவும் பணம் தனி. பாட்டி வளர்க்கும் பேரனுக்குத் தேர்வுக் கட்டணம் அந்த இரண்டாவது பையிலிருந்து போவதை நான் பார்த்திருக்கிறேன்.

2016இல் தெற்கு சூடான் அகதிகளுக்காகத் திறந்த வடக்கு உகாண்டாவின் பிடிபிடி குடியிருப்பில் இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்ட மக்கள் வந்து குவிந்தார்கள். தனியாக எல்லை தாண்டி வந்த பிள்ளைகளும் அதில் உண்டு. அவர்களில் பலரை எடுத்து வளர்த்தது, தார்ப்பாய்க்கு அடியில் தானும் அகதியாக உட்கார்ந்திருந்த குடும்பங்கள். அவர்களுக்குக் கூடுதல் ரேஷனும் ஒரு சமூகப் பணியாளரின் வருகையும் கிடைத்தால் போதும் என்ற நிலை. ருவாண்டாவில் 2012 கணக்கெடுப்பில் 33 இல்லங்களில் 3,300க்கும் மேற்பட்ட பிள்ளைகள் இருந்தார்கள். அரசு முடிவெடுத்து அவர்களைக் குடும்பங்களுக்கு அனுப்பத் தொடங்கியது. சொந்தம் இல்லாதவர்களை வளர்க்க ‘மலாயிகா முரின்சி’ என்ற பெயரில் பயிற்சி பெற்ற வளர்ப்புக் குடும்பங்கள் முன்வந்தன. பணக் கணக்கும் இதற்குச் சாதகம்தான். தான்சானியாவின் ககேரா பகுதியில் உலக வங்கி பார்த்தபோது, ஒரு பிள்ளையைக் காப்பகத்தில் வைக்கும் செலவு வளர்ப்புக் குடும்பத்தில் வைக்கும் செலவைப்போல் ஏறத்தாழ ஆறு மடங்கு இருந்தது.

எல்லா இல்லமும் மோசம் என்று நான் சொல்லவில்லை. அடி, பாலியல் கொடுமை, தெருவில் விடப்பட்டது என்று வரும் பிள்ளைக்கு அன்றிரவே ஒரு பாதுகாப்பான இடம் வேண்டும். அது சில வாரங்களுக்கு, நீதிமன்ற உத்தரவோடு, வீடு தேடும் வேலை மறுநாளே தொடங்கும் என்ற கணக்கில் இருக்க வேண்டும். (வீடு தேடுவது அப்படி ஒன்றும் மந்திரமில்லை. பிள்ளை சொல்லும் சந்தையின் பெயர், தேவாலயம், பேசும் மொழி, அந்தப் பக்கத்து ‘போடா போடா’ (பைக் டாக்ஸி) ஓட்டுநர்கள், கிராமக் கவுன்சில் தலைவர். பெரும்பாலும் கண்டுபிடித்துவிடலாம். தேட ஆள் அனுப்புவதில்லை, அவ்வளவுதான்.)

இனி, பணம் கொடுக்க நினைப்பவர்களுக்கு. எந்த இல்லமாக இருந்தாலும் நேராகக் கேளுங்கள்: அரசு அங்கீகாரம் இருக்கிறதா? ஒவ்வொரு பிள்ளைக்கும் நீதிமன்ற உத்தரவு இருக்கிறதா? குழந்தைகள் நலனைக் கவனிக்கும் மாவட்ட நன்னடத்தை அலுவலருக்குத் தெரியுமா? போன வருடம் எத்தனை பிள்ளைகள் வீடு திரும்பினார்கள்? கடைசிக் கேள்விக்குப் பதில் தடுமாறினால் பையை மூடிவிடுங்கள். முன்பின் தெரியாத நீங்கள் கேட்டதும் பிள்ளைகளைத் தூக்கிக் கொஞ்ச விடும் இல்லத்துக்குள் போகாதீர்கள். அந்தக் கதவு உங்களுக்குத் திறந்தால் எல்லோருக்கும் திறக்கும். போட்டோ எடுத்து முகத்தோடு, பெயரோடு, ‘எச்.ஐ.வி. குழந்தை’ என்று போடாதீர்கள். அந்தப் பிள்ளை நாளை அதே ஊரில் வாழ வேண்டும். இரண்டு வாரச் சுற்றுலாவில் வந்து ‘சேவை’ செய்துவிட்டுப் போவதையும் தயவுசெய்து நிறுத்துங்கள். பிறந்தநாள் கொண்டாட வேண்டுமா? ஒரு பள்ளியின் மதிய உணவுக்குக் கொடுங்கள். அங்கே பிள்ளை சாப்பிட்டுவிட்டுச் சாயங்காலம் வீட்டுக்குப் போகும்.

ஏற்கெனவே மாதாமாதம் ஸ்பான்சர் செய்துகொண்டிருப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். இதைப் படித்துவிட்டு நாளைக்கே பணத்தை நிறுத்திவிடாதீர்கள். திடீரென்று காசு நின்றால் பிள்ளைகளைக் கையில் ஒரு பையோடு பஸ்ஸில் ஏற்றிவிடும் இல்லங்கள் உண்டு. அது இன்னொரு கொடுமை. அந்த இல்லத்துக்கு எழுதுங்கள். “இந்தப் பிள்ளையின் குடும்பம் எங்கே? வீட்டில் வைத்துப் படிக்க வைத்தால் இதே பணத்தை நான் தொடர்ந்து தருவேன்” என்று எழுத்தில் கொடுங்கள். பள்ளி முடியும்வரை தருவதாகச் சொன்னால் இன்னும் நல்லது. இல்லத்தை நடத்துபவர்களில் நேர்மையானவர்கள் பலர் அந்த ஒரு கடிதத்துக்காகக் காத்திருக்கிறார்கள். ஏதாவது தவறு நடக்கிறது என்று தோன்றினால் உகாண்டாவிலும் கென்யாவிலும் 116 என்ற எண்ணுக்கு அழைக்கலாம், கட்டணம் இல்லை. பெயர் சொல்ல விருப்பமில்லை என்றாலும் அழையுங்கள்.