டிரக்கீடு: பொருளும் வேரும் தமிழும்

கட்டைக்குள் நீரைக் கடத்தும் ஒரு வகைச் செல் டிரக்கீடு. நீண்டு, இரு முனையும் சாய்வாகக் கூம்பி, முதிர்ந்தபின் உயிரற்று நிற்கும். இதை அடையாளம் காட்டுவது முனைச்சுவர். நீர் கடத்தும் திசுவான சைலத்தின் இன்னொரு வகை, சைலக்குழாய்ச் செல்; அதில் அந்தச் சுவர் கரைந்து துளை திறந்திருக்கும்; டிரக்கீடில் அப்படித் துளை விழாது. சுவர் தடிக்காமல் விட்ட குழிகளை மூடிய சவ்வு வழியே கசிந்துதான் நீர் அடுத்த செல்லுக்குப் போகும்.

கிரேக்கத்தில் 'டிராக்கிஸ்' என்றால் கரடுமுரடு. வளையம் வளையமாகப் புடைத்த மூச்சுக்குழலுக்கு 'டிரக்கியா' என்ற பெயர் அதிலிருந்து வந்தது. செடிகளில் சுருள் தடிப்புள்ள குழல்களைக் கண்ட இத்தாலிய உடற்கூற்றறிஞர் மால்பீகி, பூச்சிகளின் மூச்சுக்குழல்போல அவையும் காற்றுக்கானவை என்று கருதி, 17ஆம் நூற்றாண்டில் அதே பெயரைச் சூட்டினார். கருத்து பொய்த்தது, பெயர் ஒட்டிக்கொண்டது. 'போன்றது' என்னும் ஈறு சேர்த்து 1863இல் டிரக்கீடு என்றாக்கியவர் தாவரவியலாளர் கார்ல் சானியோ.

தமிழ்நாட்டுப் பாடநூல்களில் டிரக்கீடு, சைலம் என்றே இருக்கும். இலங்கைத் தமிழ்ப் பாடநூல்களில் குழற்போலி, காழ். குழற்போலியே மேல்: குழல் போலிருக்கும், முனை திறந்த குழல் அல்ல. மூச்சும் காற்றும் அதில் இல்லை. (தொல்காப்பியத்தின் 'அகக்காழனவே மரம்' என்பதில் வரும் காழ் உள்வயிரம், இன்றைய கலைச்சொல்லின் பொருள் அதைவிட அகலம்.)

இந்த ஒரு செல்லால் தாவர வகைப்பாட்டில் இடம் மாறியது, பசிபிக் கடலின் நியூ கலிடோனியாத் தீவில் மட்டுமே வளரும் சிறுமரமான அம்போரெல்லா. மொனிமியேசி என்னும் தாவரக் குடும்பத்தில் வைக்கப்பட்டிருந்த அதன் கட்டையில் சைலக்குழாயே இல்லை, குழற்போலிகள்தாம் என்று தாவரவியலாளர்கள் பெய்லியும் பி.ஜி.எல். சுவாமியும் 1948இல் காட்டினார்கள். மொனிமியேசிக்கோ குழாய் உண்டு. 1999இல் வந்த டி.என்.ஏ. ஆய்வுகள், மற்றெல்லாப் பூக்கும் தாவரங்களுக்கும் முன்பே பிரிந்த கிளையாக அதை நிறுத்தின.

ஒரு கட்டையில் குழாய் உண்டா என்று சோதிக்கும்போது குறுக்குவெட்டை மட்டும் நம்பக்கூடாது. குறுகிய குழாயும் குழற்போலியும் அதில் ஒன்றுபோலத் தெரியும். தீக்குச்சிப் பருமனில் சீவிய துண்டுகளை, கிளேசியல் அசிட்டிக் அமிலமும் 30 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடும் சம அளவு கலந்த நீர்மத்தில் போட்டு, 60 டிகிரி செல்சியஸில் ஓரிரு நாள் வையுங்கள். துண்டு வெளுத்து மெத்தென்றானால் போதும். வாயு கிளம்புவதால் மூடியை இறுக்கினால் குப்பி வெடிக்கலாம்; கையுறையும் புகைவெளியேற்றியும் கட்டாயம். அமில வாடை போகும்வரை நீரில் கழுவி, குலுக்கிப் பிரித்து, சாப்ரனின் என்னும் சிவப்புச் சாயம் ஏற்றி, ஒவ்வொரு செல்லின் இரு முனையையும் பாருங்கள். கூடுதலாக ஊறினால் குழிச்சவ்வு சிதைந்து, இல்லாத துளை இருப்பதாகத் தோன்றும். அதனால் அமிலத்தில் ஊறாத ஆரவெட்டு (மையத்திலிருந்து பட்டை நோக்கி நீளவாக்கில் வெட்டியது) ஒன்றையும், 15–20 மைக்ரோமீட்டர் தடிப்பில், பக்கத்தில் வைத்து ஒப்பிட வேண்டும். மாதிரி முதிர்ந்த தண்டிலிருந்து வரட்டும். மெல்லிய கிளையின் இளங்கட்டை அளவுகளைத் திரித்துவிடும்.

குழாயின்மை மட்டும் உறவுக்குச் சான்றாகாது. விண்டெரேசி என்னும் குடும்பத்திலும் குழாய் கிடையாது, டிரோகோடெண்ட்ரான் என்னும் மரத்திலும் கிடையாது. பின்னதன் முன்னோரிடம் குழாய் இருந்து பிறகு மறைந்தது என்றே இன்று பலர் கருதுகிறார்கள். கதிர்த்திசுவின் (மையத்திலிருந்து வெளிநோக்கி ஓடும் செல்வரிசை) அகலம், அச்சுப் பாரன்கைமாவின் (தண்டின் நீளவாக்கில் அமைந்த சேமிப்புச் செல்கள்) அமைவு, குழிகளின் வடிவம் ஆகியவற்றையும் சேர்த்தே குறித்துக்கொள்ளுங்கள்.