இலவச மரக்கன்று பெறும் முன்: பசுமைப் போர்வை இயக்கமும் கொங்கு மண்ணின் கரிமமும்

தமிழ்நாடு அரசின் வேளாண்மைத் துறை 2021-22 முதல் நடத்திவரும் நீடித்த பசுமைப் போர்வைக்கான இயக்கத்தின் கீழ், விவசாயிகளின் சொந்த நிலத்தில் நடுவதற்கு மரக்கன்றுகள் இலவசமாக வழங்கப்படுகின்றன. வரப்போரமாக நடுவதென்றால் ஏக்கருக்கு 50 கன்றுகளும், நிலம் முழுவதும் பரவலாக நடுவதென்றால் ஏக்கருக்கு 160 கன்றுகளும் கிடைக்கும். நட்ட கன்றுகளைக் காப்பாற்றி வளர்ப்பவருக்கு, இரண்டாம் ஆண்டு முதல் மூன்று ஆண்டுகளுக்கு, உயிரோடு நிற்கும் கன்று ஒன்றுக்கு ஆண்டுக்கு 7 ரூபாய் வீதம் மொத்தம் 21 ரூபாய் ஊக்கத்தொகை அறிவிக்கப்பட்டது. ஏக்கருக்கு 160 கன்று நட்டு அவற்றில் 120 கன்றுகள் மூன்று ஆண்டும் நின்றால் கையில் கிடைப்பது 2,520 ரூபாய். குழி வெட்டும் கூலிக்கே இது போதாது என்பது உண்மைதான். ஆனால் இந்தத் திட்டத்தின் பயன் அந்த ஊக்கத்தொகையில் இல்லை, நிலத்தில் சேரும் கரிமத்திலும் பின்னாளில் கிடைக்கும் மரத்திலும் இருக்கிறது. ஆகவே எந்த நிலத்தில், எந்த முறையில் நடுகிறோம் என்பதை முதலிலேயே முடிவு செய்துகொள்ள வேண்டும்.

மரம் காற்றிலுள்ள கரியமில வாயுவை இழுத்து, அதிலுள்ள கரிமத்தைத் தண்டாகவும் கிளையாகவும் வேராகவும் மாற்றிக்கொள்கிறது. காய்ந்த மரத்தின் எடையில் ஏறத்தாழ பாதி கரிமமே. 200 கிலோ காய்ந்த எடையுள்ள ஒரு வேப்பமரத்தில் சுமார் 94 கிலோ கரிமம் இருக்கிறது என்றால், அந்த மரம் காற்றிலிருந்து சுமார் 345 கிலோ கரியமில வாயுவை எடுத்திருக்கிறது என்று பொருள். இது கண்ணுக்குத் தெரியும் கணக்கு. கண்ணுக்குத் தெரியாத கணக்கு மண்ணுக்குள் இருக்கிறது. ஓர் ஏக்கர் நிலத்தின் மேல்மண்ணை 30 செ.மீ. ஆழத்துக்கு எடுத்துக்கொண்டால், அதன் எடை சுமார் 1,700 டன் வரும். அந்த மண்ணில் அங்ககக் கரிமத்தின், அதாவது மக்கிய வேர், சருகு போன்றவற்றிலிருந்து வந்த கரிமத்தின் அளவு 0.5 சதவீதத்திலிருந்து 0.4 சதவீதமாகக் குறைந்தால், ஏக்கருக்கு 1.7 டன் கரிமம், அதாவது ஆறு டன்னுக்கும் மேற்பட்ட கரியமில வாயு, காற்றுக்குப் போய்விட்டது என்று அர்த்தம். மேலே சொன்ன அளவிலான வேப்பமரங்கள் பதினெட்டு வளர்ந்தால்தான் அதை ஈடுகட்ட முடியும். மண்ணை ஆழமாகக் கிளறும்போது உள்ளே பாதுகாப்பாக இருந்த மக்குப்பொருள் காற்றுபட்டுச் சிதைவதால் இந்த இழப்பு நேர்கிறது.

கொங்கு நாட்டில் இந்தக் கணக்கு மிகவும் பொருந்துவது கொறங்காட்டுக்குத்தான். காங்கயம், வெள்ளகோவில், மூலனூர், தாராபுரம் பகுதிகளில், ஆண்டுக்குச் சுமார் 600 மி.மீ. மழையை நம்பி, கிளுவை வேலிக்குள் காலங்காலமாகக் காத்துவரப்பட்ட மேய்ச்சல் நிலம் அது. கொழுக்கட்டைப் புல் தரையை மூட, ஆங்காங்கே வெள்வேல் மரம் நிழலும் காயும் தர, காங்கயம் மாடுகளும் செம்மறி ஆடுகளும் மாறி மாறி மேய்ந்துவந்த அந்த நிலத்தைப் பார்ப்பவர்கள், ஒன்றும் விளையாத வெறுங்காடு என்று நினைத்துவிடுகிறார்கள். ஐப்பசி மழை பெய்து ஓய்ந்த மறுநாள் ஒரு கொழுக்கட்டைப் புல் தூரை வேரோடு பிடுங்கிப் பார்த்தால் உண்மை தெரியும். வேரைச் சுற்றி மண் சிறு சிறு உருண்டைகளாக ஒட்டிக்கொண்டு, உதறினாலும் எளிதில் விழாது. அந்த உருண்டைகளுக்குள்தான் பல ஆண்டுகளாக மடிந்த வேர்களின் கரிமம் தங்கியிருக்கிறது. அடுத்த காட்டில் மனைப்பிரிவுக்காக இயந்திரம் வைத்து வழித்துப்போட்ட இடத்து மண்ணைக் கையில் எடுத்தால், அது தூளாக விரலிடுக்கில் வழிந்துவிடும்.

கொறங்காடு பெரும்பாலும் தனிப்பட்ட பட்டா நிலம். பதிவேட்டில் புஞ்சை என்றே இருக்கும். ஆகவே சத்தியமங்கலம், ஆனைமலைக் காடுகளைக் காப்பதைப் போல, வனப் பாதுகாப்புச் சட்டம், 1980 (2023-இல் இதன் பெயர் வன் சன்ரக்ஷண் ஏவம் சம்வர்தன் அதினியம் என்று மாற்றப்பட்டது) இந்த நிலத்தைக் காக்காது. அந்தச் சட்டப்படி வன நிலத்தை வேறு பயன்பாட்டுக்கு எடுக்க ஒன்றிய அரசின் முன்அனுமதி வேண்டும். பட்டா நிலத்தைப் பொறுத்தவரை, திட்டமில்லாப் பகுதியில், அதாவது நகரமைப்புத் திட்டப் பகுதிக்குள் வராத இடத்தில், விவசாய நிலத்தை வேறு பயன்பாட்டுக்கு மாற்றுவதற்குத் தமிழ்நாடு நகர ஊரமைப்புச் சட்டம், 1971-இன் 47-அ பிரிவும் 2017-ஆம் ஆண்டு விதிகளும் பொருந்தும். நகர ஊரமைப்பு இயக்குநரின் முன்இசைவு பெற்று உள்ளாட்சி அமைப்பு அனுமதி தர வேண்டும். பல்லடம், அவிநாசி வட்டாரங்களில் தறிக்கூடமும் கோழிப்பண்ணையும் மனைப்பிரிவும் வந்த வேகத்தைப் பார்த்தவர்களுக்கு, மீதமுள்ள புல்நிலத்தைக் காப்பது உடைமையாளரின் மனத்தைப் பொறுத்தது என்பது புரியும்.

எனவே கொறங்காடு வைத்திருப்பவர்கள் இந்தத் திட்டத்தில் ஏக்கருக்கு 160 கன்று முறையைத் தேர்ந்தெடுக்க வேண்டாம் என்பதே என் உறுதியான கருத்து. புல்லை உழுது அழித்து, தரையைச் சுத்தமாக்கி, வரிசையாகத் தேக்கு நடுவதால், இருக்கும் மண் கரிமத்தை இழந்து, வருமா வராதா என்று தெரியாத மரக் கரிமத்துக்காகக் காத்திருக்க வேண்டியதாகிவிடும். மழை பொய்த்த ஓர் ஆண்டில் கன்றுகளும் காய்ந்துவிட்டால் புல்லும் இல்லை, மரமும் இல்லை. 50 கன்று முறையில் வேலியோரமாக வேம்பும் புங்கனும் நட்டு, உள்ளே புல்லை அப்படியே விட்டுவிடுவது நல்லது. கிளுவை வேலியை எடுத்துவிட்டுக் கல்கால் நட்டுக் கம்பி இழுப்பவர்கள் பெருகிவிட்டார்கள். கிளுவையும் உயிருள்ள மரம்தான், அதன் வேரும் கரிமத்தைச் சேர்க்கிறது, வெட்டிய போத்தை மழைக்காலத்தில் நட்டால் மீண்டும் துளிர்க்கிறது என்பதை அவர்கள் எண்ணிப்பார்க்க வேண்டும்.

160 கன்று முறை பொருந்தும் இடங்களும் உண்டு. கிணறு வற்றியதால் பயிர் நின்றுபோய், ஆண்டுதோறும் உழுது உழுது மண் வெளுத்துப்போன புஞ்சைகள் அப்படிப்பட்டவை. அங்கே இழப்பதற்குக் கரிமம் அதிகம் இல்லை. மரம் வந்தால் சருகும் வேரும் சேர்ந்து மண்ணை மெல்ல மெல்லத் தேற்றும். கீழ்பவானிப் பாசனத்தில் மஞ்சளும் நெல்லும் விளைவிப்பவர்களுக்கு வரப்பு முறையே போதும். பொள்ளாச்சிப் பகுதித் தென்னந்தோப்புகளிலும் வேலியோரம் இடம் இருக்கும்.

விண்ணப்பிப்பது எளிது. உழவன் செயலியில் பதிவு செய்யலாம், அல்லது வட்டார வேளாண் விரிவாக்க மையத்தில் உதவி வேளாண்மை அலுவலரிடம் நேரில் பதிவு செய்யலாம். ஆதார் அட்டை, சிட்டா, வங்கிக் கணக்குப் புத்தகம் ஆகியவற்றின் நகல்களை வைத்துக்கொள்ளுங்கள். வேளாண்மைத் துறையின் பரிந்துரைக்குப் பிறகு கன்றுகளை வனத்துறை நாற்றங்காலில் பெற்றுக்கொள்ள வேண்டும். தேக்கு, மகோகனி, வேங்கை, செம்மரம், சந்தனம், வேம்பு, புங்கன் போன்றவற்றில் அந்த ஆண்டு இருப்பில் உள்ளவை கிடைக்கும். சந்தனத்தை விரும்பிக் கேட்பவர்கள் இரண்டு விஷயங்களை அறிந்திருக்க வேண்டும். அது பக்கத்துச் செடியின் வேரிலிருந்து சத்தை எடுத்து வளரும் மரம் என்பதால் அருகில் துவரை போன்ற துணைச்செடி வேண்டும். சொந்தப் பட்டா நிலத்தில் நின்றாலும், வனத்துறையின் அனுமதியின்றி அதை வெட்டவோ விற்கவோ முடியாது. எந்த மரமானாலும் நட்டவுடன் கிராம நிர்வாக அலுவலரிடம் சொல்லி அடங்கலில் பதியச் செய்துவிட்டால், பின்னாளில் வெட்டும்போது அலைச்சல் குறையும்.

கரிம வரவு, அதாவது மரம் சேர்க்கும் கரிமத்துக்குப் பணம், என்று சொல்லி நிலத்தைப் பல ஆண்டுகளுக்கு ஒப்பந்தம் போடக் கேட்டு யாரேனும் வந்தால், அது இந்த அரசுத் திட்டத்தைச் சேர்ந்ததல்ல என்பதைத் தெளிவாகப் புரிந்துகொள்ள வேண்டும். 7 ரூபாய் ஊக்கத்தொகை கன்று பிழைத்ததற்காகத் தரப்படுவது. கரிமத்தின் விலையாகத் தரப்படுவது அல்ல. எத்தனை ஆண்டு, நடுவில் மரத்தை வெட்டினால் என்ன நேரும், பணம் எப்போது வரும் என்று தமிழில் எழுதித் தரச் சொல்லிக் கேட்டுவிட்டுத்தான் கையெழுத்துப் போட வேண்டும்.

கன்று வாங்கும் முன் செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. மண்வள அட்டைக்காக மாதிரி எடுத்து மண் பரிசோதனை நிலையத்தில் கொடுத்துவிடுங்கள். மேலே கிடக்கும் சருகை ஒதுக்கிவிட்டு, 'வி' வடிவில் 15 செ.மீ. ஆழத்துக்குக் குழி எடுத்து, அதன் பக்கவாட்டு மண்ணை மேலிருந்து கீழாகச் சீவி எடுக்க வேண்டும். வரப்பு, மர நிழல், எருக்குவியல் இருந்த இடம் ஆகியவற்றைத் தவிர்த்துப் பத்துப் பதினைந்து இடங்களில் இப்படி எடுத்து, நன்றாகக் கலந்து, நான்காகப் பிரித்து எதிரெதிர்ப் பங்குகளை நீக்கிக்கொண்டே வந்து கடைசியில் அரை கிலோவாக்க வேண்டும். அட்டையில் அங்ககக் கரிமம் 0.5 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் குறைவு, 0.5 முதல் 0.75 வரை நடுத்தரம், அதற்கு மேல் அதிகம். மாதிரி எடுத்த இடங்களை ஒரு தாளில் வரைந்து அட்டையோடு வைத்துக்கொண்டு, கடைசி ஊக்கத்தொகை வந்த ஆண்டில், அதே மாதத்தில், அதே இடங்களில் மறுபடி எடுத்துப் பாருங்கள்.